தனிநபர் விவரப் பாதுகாப்பு: எவர் காணும் எதிர்காலம்?

(பாலக்காடு மாவட்டம் சித்தூரில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தனிநபர் விவரங்களின் பாதுகாப்பு பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தில்லியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ தொடங்குவர். நான் இந்த எல்லைப் பகுதியிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். மக்களைப் பற்றித் திரட்டிய விவரம் அம்மக்களின் எதிர்காலத்தையே முடிவு செய்யக்கூடும் என்பதற்கு இங்கேயே ஒரு சான்று உள்ளது.

1953 டிசம்பரில் அமைக்கப்பட்ட மாநிலங்கள் மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் தன் அறிக்கையை அளித்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் எம்மாநிலத்தைச் சேர வேண்டும் என்ற வினா அதன் முன் இருந்தது. 1951ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் தாய்மொழி பற்றிப் பதிவான எண்ணிக்கையைக் காட்டி, இவை தமிழ்ப் பகுதிகள் என்று ஒரு தரப்பினர் வாதிட்டனர். தோட்டங்களுக்குப் பிழைப்பு தேடி வந்து போகும் தொழிலாளர்களும் அந்த எண்ணிக்கையில் அடங்குவர் என்று கருதிய ஆணையம், பொருளாதாரக் காரணங்களையும் சேர்த்து ஆராய்ந்து வேறு முடிவுக்கு வந்தது. 1956 நவம்பர் 1 அன்று அவ்வட்டங்கள் கேரளத்தின் பகுதிகளாயின. சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும் அன்றே கேரளத்தில் சேர்ந்தது. அம்முடிவு சரியானதா என்பது இன்று நம் பொருள் அன்று. "உன் தாய்மொழி யாது? எங்கே பிறந்தாய்?" என்று கேட்ட கணக்காளரிடம் விடை சொன்ன தேயிலைத் தொழிலாளி, தன் விடையைக் கொண்டு மாநிலத்தின் எல்லை வரையப்படும் என்று எண்ணியிருக்கமாட்டார். எண்ணிக்கை ஒன்றுதான். அதை இரு தரப்பினரும் இருவேறு எதிர்காலங்களை மனத்திற்கொண்டு படித்தனர்.

அந்தத் தொழிலாளிக்கு அன்று ஒரு பாதுகாப்பு இருந்தது என்பதையும் கூற வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடிமதிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, குடிமதிப்புப் பதிவேட்டைப் பார்வையிடும் உரிமை எவருக்கும் இல்லை. அதில் உள்ள பதிவை வழக்குகளில் சான்றாகக் கொள்ளவும் இயலாது. அச்சட்டத்தின் கீழேயே தொடரப்படும் நடவடிக்கைகளே விலக்கு. நம் நாட்டில் தனிநபர் விவரப் பாதுகாப்பு அண்மையில் இறக்குமதியான சரக்கு என்று எண்ணுவோர் இப்பிரிவை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. திட்டமிடும் அரசுக்கு எண்ணிக்கை தேவை, ஆளின் பெயர் தேவையில்லை என்ற தெளிவான கருத்து அதன் பின்னே இருந்தது.

இன்றைய நிலை வேறு. ஓய்வூதியம், உணவுப் பொருள், வீட்டு மானியம் ஆகியவற்றை உரியவரிடம் நேரே சேர்க்க வேண்டுமாயின் எண்ணிக்கை மட்டும் போதாது. அந்த ஆளே அடையாளம் காணப்பட வேண்டும். விவாதம் தொடங்குமிடம் இதுவே.

மூன்று கனவுகள், ஒரு சட்டம்

விவரப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றுவோர் நிகழ்காலத்தை ஒழுங்குபடுத்துவதாகக் கூறினாலும், உண்மையில் தாம் விரும்பும் ஓர் எதிர்காலத்தையோ அஞ்சும் ஓர் எதிர்காலத்தையோ மனத்திற்கொண்டே எழுதுகின்றனர். மேற்கு ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலம் 1970இல் இத்துறையில் உலகின் முதற்சட்டத்தை இயற்றியது. அரசின் கணிப்பொறிகள் குடிமகனை முழுவதும் அறிந்துவிடும் காலம் பற்றிய அச்சம் அதற்கு ஒரு காரணம். அந்நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் 1983 டிசம்பரில் குடிமதிப்பு வழக்கில் அளித்த தீர்ப்பு, தன்னைப் பற்றிய விவரம் எவ்வாறு பயன்பட வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை மனிதனுக்கு உண்டு என்றது. 2018 மே 25 முதல் செயற்படும் ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை இம்மரபில் வந்ததே. அமெரிக்காவில் தேசிய அளவில் ஒரு பொதுச் சட்டம் இல்லை. அங்கே சந்தையின் மீதுள்ள நம்பிக்கை மேலோங்கி நிற்கிறது. சீனா 2021 நவம்பர் 1 முதல் தனிநபர் விவரச் சட்டத்தைச் செயற்படுத்தினாலும் அரசின் கை அங்கே ஓங்கியே உள்ளது.

நம் நாட்டில் இக்கனவுகள் யாவும் ஒரே அவையில் அமர்ந்து வழக்காடின எனலாம். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மனிதனின் மாண்பை முன்வைத்த பார்வை அது. 2018-19ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை, மக்களின் விவரங்களைப் பொது நலனுக்கான பண்டமாகக் கருதி ஒரு முழு அத்தியாயமே எழுதியது. துறைகளில் சிதறிக் கிடக்கும் பதிவுகளை இணைத்தால் நலத்திட்டங்கள் செம்மையுறும் என்றும், தெரிந்தெடுத்த சில தொகுப்புகளைத் தனியார் துறைக்குக் கட்டணத்தின் பேரில் அளிக்கலாம் என்றும் அது கூறியது. வளர்ச்சிப் பொருளியல் பயின்றவன் என்ற முறையில் அந்த அத்தியாயத்தின் கவர்ச்சியை நான் அறிவேன். மூன்றாவது, தொழில் வளர்ச்சியை முன்னிறுத்தும் பார்வை. தரவை எண்ணெய் வளத்தோடு ஒப்பிடுவோர் இத்தரப்பினரே. எண்ணெய் ஒருமுறை எரிந்தால் தீர்ந்துவிடும், விவரம் எத்தனை முறை பயன்பட்டாலும் தீராது. இந்த எளிய வேறுபாட்டையும் மறந்து அந்த உவமையை மேடைதோறும் எடுத்தாள்வது எனக்குச் சலிப்பையே தருகிறது. நாட்டின் இறையாண்மை பற்றிய கவலையும் இடையில் வந்து சேர்ந்தது. பணப்பட்டுவாடா விவரங்கள் இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும் என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது இதன் வெளிப்பாடாகும்.

சட்ட வரைவுகளை வரிசையாக வைத்துப் படித்தால், எந்தெந்த ஆண்டில் எந்தக் கனவின் கை ஓங்கியது என்பதைக் காணலாம். நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018 ஜூலையில் அளித்த வரைவு, தனிநபர் விவரங்களின் ஒரு படியையேனும் நாட்டிற்குள் வைக்க வேண்டும் என்றது. 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதா அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தி, அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை விரிவாக்கியது. கூட்டுக் குழு 2021 டிசம்பரில் 81 திருத்தங்களைப் பரிந்துரைத்தது. 2022 ஆகஸ்டில் அம்மசோதாவே திரும்பப் பெறப்பட்டது. இறுதியில் 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் முந்தையவற்றைவிடச் சிறியது, எளிய நடையில் அமைந்தது. வெளிநாட்டிற்கு விவரம் அனுப்புவது பொதுவாக அனுமதிக்கப்பட்டு, மத்திய அரசு அறிவிக்கும் நாடுகளுக்கு மட்டும் தடை விதிக்கப்படலாம் என்றாயிற்று. புதிய தொழில் முனைவு நிறுவனங்களுக்குச் சில கடமைகளிலிருந்து விலக்களிக்கவும் வழி உண்டு. கடமை தவறும் நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். ஆனால் அத்தண்டம் அரசின் கருவூலத்தைச் சேரும். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோருவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43-ஏ பிரிவை நீக்கவும் இச்சட்டம் வகை செய்கிறது. இதைக் குறை என்று கருதுவோருள் நானும் ஒருவன்.

2020: வாளையாற்றிலும் குமுளியிலும்

இவையெல்லாம் ஏட்டளவில் இருந்தபொழுதே, இந்த எல்லையில் இவற்றுக்கான சோதனை வந்தது. 2020 மே மாதத் தொடக்கத்தில் வெளி மாநிலங்களிலிருந்து திரும்புவோரைக் கேரளம் குறிப்பிட்ட சில சாவடிகள் வழியாக மட்டும் அனுமதித்தது. வாளையாறும் குமுளியும் அவற்றுள் அடங்கும். 'ஜாக்ரதா' என்ற இணையத் தளத்தில் பதிவு செய்து அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து புறப்படுவதற்கு அம்மாநிலத்தின் 'இ-பாஸ்' தனியே தேவை. ஒரே ஆளின் பெயர், முகவரி, கைபேசி எண், அடையாள அட்டை விவரம் ஆகியவை இரு அரசுகளின் இரு தொகுப்புகளில் பதிவாயின. சீட்டின்றி வந்து வாளையாற்றில் தவித்து நின்றோரின் நிலை உயர் நீதிமன்றம் வரை சென்றது. அந்தச் சூழ்நிலையில் எவரும் "என் விவரத்தை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?" என்று கேட்கவில்லை. கேட்கக்கூடிய நிலையிலும் இல்லை.

இதே காலத்தில் வேறொரு தொகுப்பு பற்றிய வழக்கு எழுந்தது. தனிமைப்படுத்தப்பட்டோரின் உடல்நிலை விவரங்களைப் பகுத்தாய்வதற்காக, அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்பிரிங்க்ளர் நிறுவனத்தின் சேவையைக் கேரள அரசு பெற்றிருந்தது. களப்பணியாளர்கள் வீடு வீடாகத் திரட்டிய விவரங்கள் அந்நிறுவனத்தின் மென்பொருளில் ஏறின. பிணக்கு எழுந்தால் நியூயார்க் நீதிமன்றத்தையே நாட வேண்டும் என்று ஒப்பந்தம் கூறியது பெரும் விவாதத்திற்கு உள்ளாயிற்று. நோய் எவ்வளவு பரவும் என்று எவரும் அறியாத நாட்களில், பெரும் அளவு விவரத்தை விரைந்து கையாளும் திறன் தேவை என்பது அரசின் வாதம். மக்களின் உடல்நிலை பற்றிய செய்தி அவர்கள் அறியாமலேயே அயல்நாட்டு நிறுவனத்தின் கைக்குச் செல்வதா என்பது எதிர்த்தோரின் வாதம். இரு தரப்பினரும் எதிர்காலத்தைப் பற்றியே பேசினர். முன்னவர் அஞ்சியது மருத்துவமனைகள் நிரம்பி வழியும் எதிர்காலத்தை. பின்னவர் அஞ்சியது மனிதனின் நோய் விற்பனைப் பொருளாகும் எதிர்காலத்தை.

2020 ஏப்ரல் 24 அன்று கேரள உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையை அலுவலர்கள் அனைவரும் கருத்தூன்றிப் படிக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். ஒப்பந்தத்தை நீதிமன்றம் நிறுத்தவில்லை. திரட்டிய விவரங்களிலிருந்து ஆளை அடையாளம் காட்டும் கூறுகளை நீக்கிய பின்னரே நிறுவனம் அவற்றைக் காணலாம் என்றது. இனித் திரட்டும்பொழுது, விவரம் மூன்றாம் தரப்பினரைச் சென்றடையக்கூடும் என்பதை மக்களுக்குத் தெரிவித்து அவர்களின் இசைவைப் பெற வேண்டும் என்றது. நிறுவனம் அவற்றை வேறு வணிக நோக்கத்திற்குப் பயன்படுத்தலாகாது என்றும் தடுத்தது. அதன் பின்னர் மாநில அரசு நிறுவனமான சி-டிட் விவரப் பொறுப்பை ஏற்றது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றுவதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, நோக்கத்தின் எல்லை, இசைவு, அடையாள நீக்கம் ஆகிய மூன்றும் இங்கே நடைமுறை விதிகளாகிவிட்டன. கொள்ளைநோயின் நடுவிலும் அவை சாத்தியமே என்பதையும் அவ்வாணை காட்டியது.

எந்த மொழியில் இசைவு?

இசைவைப் பெற வேண்டும் என்றவுடன் எந்த மொழியில் என்ற வினா எழுகிறது. எல்லைப் பகுதிக்கே உரிய வினா இது.

முற்காலத்தில் இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு சீட்டு வழங்கிற்று. தொழிலாளிகளின் பேரில் உள்ள கடனைத் தீர்த்தால் அவர்களை விடுவிக்கலாம் என்று ஒரு தோட்டம் மற்றொன்றுக்கு எழுதித் தரும் சீட்டு அது. தன்னைப் பற்றி எழுதப்பட்ட, தன்னால் படிக்க இயலாத ஒரு தாள் தான் எங்கே செல்லலாம் என்பதை முடிவு செய்த அந்நிலையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தனர். தாள் போய்த் திரை வந்திருக்கிறது. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம் ஊர்களிலிருந்து ஜீப்பில் ஏறி உடும்பன்சோலை ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவருடைய குடும்ப அட்டை தமிழில் இருக்கும். எல்லைக்கு அப்பால் அவர் கைந்நாட்டோ கையெழுத்தோ இடும் படிவம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். கைபேசிச் செயலியில் "சம்மதம்" என்ற கட்டத்தை அவருக்காக வேறொருவர் தொடுகிறார்.

2023ஆம் ஆண்டுச் சட்டம் இதை எண்ணாமல் விடவில்லை. 5, 6ஆம் பிரிவுகளின்படி, இசைவு கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும். தேவிகுளத்தில் உள்ள தமிழர் தமிழில் கேட்கலாம். கேரளத்திலேயே 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் தம் பகுதி அலுவலகங்களோடும் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தவும், அம்மொழியிலேயே விடை பெறவும் உரிமை அளித்துள்ளது.

ஆயினும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. மொழி உரிமை இசைவோடு பிணைக்கப்பட்டுள்ளது. அரசு மானியம், சான்றிதழ், உரிமம் ஆகியவற்றை வழங்குவதற்காக விவரத்தைக் கையாளும்பொழுது, 7ஆம் பிரிவின்படி சில சூழ்நிலைகளில் புதிதாக இசைவு கேட்க வேண்டியதில்லை. இசைவு கேட்காவிடில் 5ஆம் பிரிவின் அறிவிப்பும் இல்லை. 2025 நவம்பரில் வெளியான விதிகள் இத்தகைய பணிகளுக்கென இரண்டாம் அட்டவணையில் சில தரங்களை வகுத்துள்ளன. தேவைக்கு மிஞ்சிய விவரம் கேட்கலாகாது, ஐயம் தீர்க்கும் அலுவலரின் தொடர்பு விவரத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பன போன்றவை அவை. மொழி பற்றி அவ்வட்டவணை பேசவில்லை. எல்லைப்புற ஏழை தன் விவரத்தை மிகுதியாகக் கொடுப்பது வணிக நிறுவனங்களுக்கு அன்று, அரசு அலுவலகங்களுக்கே. அவருக்கு மொழி உரிமை மிகவும் வேண்டப்படும் இடத்தில்தான் சட்டம் மௌனமாக இருக்கிறது. அந்த இடத்தை 1969ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு நிரப்பலாம் என்பது என் கருத்து.

அட்டப்பாடியின் நிலை இன்னும் கடினமானது. இருளர், முடுகர், குறும்பர் பேசும் மொழிகள் எட்டாவது அட்டவணையில் இல்லை. இடுக்கியின் முதுவர், மன்னான் மக்களுக்கும் இது பொருந்தும். 2013இல் அட்டப்பாடியில் நிகழ்ந்த குழந்தை இறப்புகள் நாட்டின் கவனத்தை ஈர்த்தபின், ஊர் ஊராகக் கணக்கெடுப்புகள் நடந்தன. குழந்தையின் எடை பதிவானால்தான் குழந்தையைக் காக்க இயலும். இதை மறுப்பவன் நான் அல்லேன். எனினும் தம் வீட்டுத் துயரம் எங்கெங்கே எழுதி வைக்கப்பட்டுள்ளது என்று அத்தாய்க்கு அவள் மொழியில் சொல்வதற்குச் சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை.

மறைப்பதைவிடத் திருத்துவது

அந்தரங்கம் என்றவுடன் மறைப்பதையே நினைக்கிறோம். எல்லைப் பகுதியில் அதனினும் பெரிய தேவை பிழை திருத்தம். தமிழில் 'செல்வி' என்று எழுதும் பெயரின் முதலெழுத்து, மலையாளத்தில் சகரமா ஸகரமா என்று எழுதுபவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் அது மேலும் இரண்டாகப் பிரிகிறது. தந்தை பெயரின் முன்னெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னும் மற்றொன்றில் பின்னும் நிற்கும். திருமணத்திற்குப் பின் அதுவும் மாறும். பதிவுகளை இணைத்தால் நலத்திட்டம் செம்மையுறும் என்ற கனவு, ஒரே பெண்ணை இருவராகவோ இரு பெண்களை ஒருவராகவோ காணத் தொடங்குமிடம் இது. தேனி, இடுக்கி எல்லையில் இரு மாநில வாக்காளர் பட்டியல்களிலும் பெயர் உள்ளவர்கள் பற்றி எழும் புகார்களிலும், உண்மையான இரட்டைப் பதிவையும் பெயர் ஒற்றுமையையும் பிரித்தறிய இயந்திரம் மட்டும் போதாது.

ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்கு விவரம் பயன்படுமாயின், அது முழுமையாகவும் பிழையின்றியும் இருப்பதை விவரத்தைக் கையாள்பவரே உறுதி செய்ய வேண்டும் என்று சட்டத்தின் 8ஆம் பிரிவு கூறுகிறது. அலுவலர்களாகிய நமக்கு இது புதிய கடமை. இதுவரை பிழையை மெய்ப்பிக்கும் சுமையை மனுதாரரின் தோளில் ஏற்றிவந்தோம்.

மற்றொன்றையும் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவு இச்சட்டத்தால் திருத்தப்பட்டு, 2025 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தனிநபர் விவரம் என்ற காரணத்தால் கோரிக்கையை மறுப்பது முன்னினும் எளிதாகிவிட்டது. பொது நலன் மேலோங்குமாயின் வெளியிடலாம் என்ற 8(2) பிரிவு அப்படியே உள்ளது. பயனாளிகள் பட்டியல் மறைந்தால் சமூகத் தணிக்கை மறையும். பட்டியலில் பெயர் இருக்கட்டும், ஆதார் எண்ணும் கைபேசி எண்ணும் வேண்டாம் என்று முடிவு செய்ய நுண்ணறிவு தேவையில்லை. ஊராட்சிச் சுவர்களில் இவ்விரண்டையும் சேர்த்தே ஒட்டும் வழக்கம் பல இடங்களில் இருந்துவந்துள்ளது.

சட்டத்தின் முதன்மைக் கடமைகள் நடைமுறைக்கு வர விதிகளில் 18 மாத அவகாசம் வகுக்கப்பட்டது. 2025 ஜூன் 16 அன்று அறிவிக்கப்பட்ட, 2027ஐ ஆதாரமாகக் கொண்ட குடிமதிப்பு, மின்னணுக் கருவிகளின் வழி விவரம் திரட்டும் முறையில் அமைந்தது. இந்த மாவட்டங்களில் தமிழறிந்த கணக்காளர் எத்தனை பேர், செயலியில் தமிழ் வடிவம் எவ்வளவு தெளிவாக உள்ளது என்பன உள்ளூர் அலுவலர்கள் நேரில் பார்த்தறிய வேண்டியவை.

விண்ணப்பப் படிவங்கள் பலவற்றின் பின்பக்கம் வெறுமையாகவே இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கே தமிழில் நான்கு வரிகள் அச்சிடப் புதிய சட்டமோ நிதி ஒதுக்கீடோ வேண்டியதில்லை. இந்த விவரம் எதற்காகக் கேட்கப்படுகிறது, எந்தெந்த அலுவலகத்திற்குச் செல்லும், எவ்வளவு காலம் இருக்கும், பிழையிருந்தால் எவரிடம் சொல்ல வேண்டும் என்ற நான்கு வரிகள். அலுவலக நடையில் அல்லாமல், ஏலத் தோட்டத்திற்குச் செல்லும் பெண் ஒருமுறை கேட்டவுடன் புரிந்துகொள்ளும் தமிழில் அவை அமைய வேண்டும். அவ்வாறு எழுதும் திறன் எங்களைவிட இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கே மிகுதி. அட்டப்பாடி ஊர்களிலிருந்து வந்துள்ள மாணவர்கள் இருப்பின், அதே நான்கு வரிகளைத் தம் மொழியில் ஒலிப்பதிவாகச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வட்டாட்சியர் அலுவலகத்தின் முகப்பில் அதை ஒலிபரப்ப இசைவு பெறுவது எங்கள் பொறுப்பு.